தேங்காய்ப்பால் தட்டில் நீல வளையம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள். "பூசணம் பாக்குற வேல." கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! இத்தனை படிப்புப் படித்துவிட்டு ஊசிப்போன பண்டத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று என்மேல் ஒரு பரிதாபம் வந்துவிடும். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நுண்ணுயிரியல், உணவுப் பாதுகாப்பு என்று நீட்டி முழக்குவேன். அவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடமே திரும்பி, "இன்னாக்கா சொல்றா?" என்று கேட்பார்கள். இப்போது நானே அப்படித்தான் சொல்கிறேன். பூசணம் பார்க்கிறேன். எந்தப் பூசணம் விஷம் சுரக்கும், எது சும்மா கிடக்கும் என்று பிரித்துச் சொல்கிறேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போகிறது. போகட்டுமே.

எங்கள் ஆய்வகம் ராயபுரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் வரிசையில் நின்று உறுமுகிற சாலை, அதை ஒட்டி ஒரு பழைய கட்டடம், அதன் மாடி. கப்பல் ஏறவேண்டிய மிளகாய், மஞ்சள், வேர்க்கடலை எல்லாம் எங்களிடம் ஒரு கை அளவு வந்துவிட்டுத்தான் மேலே போகும். நான் முகத்துவாரக்குப்பத்துப் பெண். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் ஸ்டேஷன், அங்கிருந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டி. திருவொற்றியூரில் ஏறும் கூட்டம் என்னை ஜன்னலோடு சேர்த்து அப்பளமாக்கிவிடும். அப்படி நசுங்கிக்கொண்டே படித்துத்தான் பட்டம் வாங்கினேன், அப்படியே நசுங்கிக்கொண்டுதான் வேலைக்கும் போகிறேன்.

பூசணம் என்றாலே விஷம் என்று அலறுகிறவர்கள் பாதிப் பேர். துடைத்துவிட்டுத் தின்றால் ஒன்றும் ஆகாது என்கிறவர்கள் மீதிப் பேர். இரண்டு கட்சியுமே தப்பு. வேர்க்கடலையில் ஒரு பச்சைப் பூஞ்சை வரும். அதில் சில ரகம் அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தைச் சுரக்கும், சில ரகம் சுரக்காது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே அச்சு. அந்த விஷம் வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. ஈரலில் போய் உட்காரும். சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியையே கெடுத்துவிடும். ஆகவே யார் சாது, யார் கள்ளன் என்று யாராவது கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். அந்த யாராவது நான்தான்.

கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகளும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த வழி தேங்காய். தேங்காயைத் துருவி வெந்நீர் விட்டு அரைத்து, பாலைப் பிழிந்து, அதில் கடல்பாசி சேர்த்து அவித்து, மூடிபோட்ட வட்டத் தட்டுகளில் ஊற்றினால் வெள்ளை அல்வா மாதிரி உறைந்துவிடும். அதன்மேல் வேர்க்கடலைப் பருப்பை வைத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் பூஞ்சை தேங்காய் வாசனைக்கு ஆசைப்பட்டு வெளியே வரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் என் சக ஊழியன் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "தோஸ்து, நோம்பு தொறக்கும்போது எங்க வூட்டுல செய்றது இதான். சக்கர மட்டும் போடல நீ" என்றான். அன்றிலிருந்து நானும் அவனைத் தோஸ்து என்றே கூப்பிடுகிறேன். அவன் பொறுப்பில்தான் விஷத்தை அளக்கும் பெரிய கருவி இருக்கிறது. தட்டு என் ராஜ்யம்.

ராஜ்யம் என்று சும்மா சொல்லவில்லை. நான் சேர்வதற்கு முன் தட்டுகள் மங்கலாகத்தான் வரும். கெட்டியான முதல் பாலை ஊற்றியதால் எண்ணெய் மிதந்து கண்ணை மறைக்கும். நான் முதல் பாலை ஒதுக்கிவிட்டு இரண்டாம் பாலை எடுத்தேன். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். தட்டு பளிங்கு மாதிரி வந்தது. எங்கள் பிரிவின் தலைமை ஆய்வாளர் திருநெல்வேலிக்காரர், நாங்கள் மேடம் என்போம். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இனி தேங்காய் உன் பொறுப்பு, வேற யாரும் தொடப்படாது" என்றார். அன்று ரயிலில் என்னை நசுக்கிய கூட்டத்தின்மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ஒதுக்கிய முதல் பாலைத்தான் என்ன செய்வதென்று தெரியாது. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தோஸ்து ஒவ்வொரு தடவையும் ஆப்பத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவான்.

தட்டு செய்வதில் இன்னொரு சட்டமும் உண்டு. எப்போதும் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் மேல்மூடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். பிறகு சொட்டும். ஓர் ஓரத்தில் இருந்த பூஞ்சையைத் தட்டு முழுக்கப் பரப்பிவிடும். "கவுத்து வை, கவுத்து வை" என்று மேடம் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பார். சில நாள் கழித்துத் தட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் புற ஊதா விளக்கின் கீழ் பிடிக்க வேண்டும். விஷம் சுரக்கும் பூஞ்சை என்றால் அதைச் சுற்றி ஒரு நீல வளையம் ஒளிரும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் இருட்டறையில் மின்னினால் பெரும்பாலும் விஷம். அதிலும் ஒன்றிரண்டு நம்மை ஏமாற்ற மின்னும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கவிழ்ந்த தட்டின் மூடியில் ஒரு சொட்டு அம்மோனியா விட்டால், உண்மையான கள்ளனின் அடிப்பக்கம் வெற்றிலை போட்ட நாக்கு மாதிரிச் சிவந்துவிடும். அப்புறம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். கழிமுகத்தில் மீன் குறைந்து அப்பாவின் வலை காய ஆரம்பித்த பிறகு, அம்மா குப்பத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சத்துமாவு அரைக்கத் தொடங்கினாள். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை. பக்கத்துப் பால்வாடிகளுக்கு அவர்கள் மாவுதான் போகும். சமூகக் கூடத்தை ஒட்டிய ஓர் அறை, அதற்கு மாவு வூடு என்று பெயர். உள்ளே நுழைய வேண்டுமானால் காலைக் கழுவ வேண்டும், தலையில் துணி கட்ட வேண்டும். ஒருநாள் நான் செருப்போடு வாசலில் கால் வைத்துவிட்டேன். "ஆபீஸ்ல மேடமா இருந்தா அங்க வெச்சிக்கோ, இங்க கலீஜ் பண்ணாத" என்று எல்லார் முன்னாலும் துரத்தினாள். அத்தனை சுத்தம். என் அம்மாவுக்கு அந்த மாவுதான் பெருமை. பால்வாடிப் பிள்ளை ஒன்று கன்னம் உப்பி ஓடினால், ஏதோ தானே பெற்ற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு வருஷம் மழைக்குப் பிறகு ஒரு பால்வாடியில், மாவு கசக்கிறது என்று ஒரு தாய் சொன்னாள். யார் மாவு என்று தெரியவில்லை, பல குழுக்களின் மாவு கலந்து போகிற இடம் அது. மேற்பார்வை அதிகாரி எல்லாக் குழுக்களிடமிருந்தும் மாவும் வேர்க்கடலையும் எடுத்து, மேலே எண் மட்டும் எழுதிய உறைகளில் போட்டு முத்திரை வைத்து அனுப்பினார். எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. உறையில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் முறை.

நான் ஓர் உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு துணிப்பை. பையின் வாயை வலை நூலால் கட்டியிருந்தது. கட்டு என்றால் கடைக்காரர் போடும் கட்டு இல்லை. கிழிந்த வலையைக் கோக்கும்போது போடுகிற முடிச்சு, அதிலும் கடைசியில் இடப்பக்கமாக ஒரு சுற்று அதிகம். என் அம்மா இடதுகைக்காரி. என் ஸ்கூல் டிபன் பையிலிருந்து அக்கம்பக்கத்துக் கல்யாணப் பாத்திர மூட்டைவரை எல்லாவற்றிலும் அந்த முடிச்சைத்தான் பார்த்து வளர்ந்தேன். விரல் அதைத் தொட்டதுமே யாருடைய பை என்று தெரிந்துவிட்டது.

பையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்குப் போனேன். "மேடம், இது எங்கம்மா கட்டுன முடிச்சு" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். இதை நான் பாக்கக் கூடாது."

 தட்டு படிக்க என் அளவுக்குப் பழகிய கண் அப்போது ஆய்வகத்தில் வேறு இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நீதான் பாக்கணும். ஆனா எது யாருதுன்னு தெரியாம பாரு" என்றார். தோஸ்துவைக் கூப்பிட்டார். எல்லாப் பைகளையும் அவனே பிரித்து, ஏற்கெனவே எங்களிடம் இருந்த ஏற்றுமதிக் கடலைகளையும் நடுவில் கலந்து, தட்டுகளில் இருந்த எண்ணை டேப்பால் மறைத்து, மேலே புது எண் ஒட்டித் தரவேண்டும். நான் அதுவரை வெளியே நிற்கவேண்டும். அம்மாவின் முடிச்சு அவனுக்கு அவிழவே இல்லை. "இன்னா தோஸ்து, உங்கம்மா கப்பலக் கட்றவங்களா?" என்று அவன் முனகிக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடுவது வெளியே எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடியில் கனமில்லை, இருந்தும் அந்தச் சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அம்மா, "அதிகாரி வந்து கடலைய எட்த்துகினு போயிகீறாரு. போவட்டும். நம்ம கடலைல ஒரு தூசி கண்டி இருந்தா நான் பேர மாத்திக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

இருட்டறைக்குத் தட்டுகளை எடுத்துப்போனேன். கதவை மூடிக்கொண்டு விளக்கைப் போட்டேன். முதல் தட்டு ஒன்றுமில்லை. அடுத்தது ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு தட்டு. வேர்க்கடலைப் பருப்பு ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். அழகாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அம்மோனியாச் சொட்டு விட்டேன். அடிப்பக்கம் சிவந்தது. கடலையைத் தட்டில் வைப்பதற்கு முன் பிளீச்சிங் கரைசலில் கழுவித்தான் வைத்திருந்தோம், அதனால் மேலே ஒட்டிய அழுக்கு இல்லை இது. பருப்புக்குள்ளேயே குடியிருந்த பூஞ்சை. இது அம்மாவுடையதாக இருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. கை அது பாட்டுக்கு எழுதியது: விஷம் சுரக்கும் பூஞ்சை உள்ளது. கையெழுத்துப் போட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தோஸ்து டேப்பை உரித்தான். உரித்தவன் என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நீல வளையம் வந்த தட்டு, அம்மாவின் கடலை.

ஒரே ஆறுதல், அவன் கருவியில் அளந்தபோது அம்மாவின் மாவு பாதுகாப்பான அளவுக்குள் இருந்தது. பிள்ளைகள் தின்றதில் கேடில்லை. கெட்டது புதிதாக வாங்கிக் காயவைத்த கடலைதான், அடுத்த மாவில் சேர வேண்டியது. பழைய மாவில் அதன் பருப்பு ஒன்றிரண்டு கலந்து கசந்திருக்கும். அதிகாரி மாவு வூட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அரைப்பதை நிறுத்துங்கள், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து இன்னொரு தடவை கடலை கொடுங்கள், அதுவும் தேறாவிட்டால் இந்தப் பால்வாடிகள் வேறு குழுவுக்குப் போய்விடும். இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டதால் இனி சொல்லலாம். அப்படியே நின்றுகொண்டு சொன்னேன். "அந்தத் தட்டைப் பாத்து எழுதுனது நான்தாம்மா."

அவள் தலையைத் தூக்கினாள். "தெரிஞ்சேவா?"

"எது உன்னுதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதான் எழுதியிருப்பேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்பா ஜாடை காட்டினார். நான் என்ன செய்ய, என் நாக்கும் அம்மா கொடுத்ததுதான். அம்மா எழுந்து போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மீன் துண்டுகூடப் பெரிதாகத்தான் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். "பெத்த அம்மா வவுத்துலயே அட்ச்சிட்டா பாரு, இதுக்குத்தான் படிக்க வெச்சாங்க." மாவு வூட்டுப் பெண் ஒருத்தி என்னிடமே கேட்டுவிட்டாள். "ஏம்மா, கண்ண மூடிகினு எய்தியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்?" உன் பேரன் தின்கிற மாவு அக்கா, என்றேன்.  அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. தப்பாக எழுதிவிட்டோமோ என்ற சந்தேகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அம்மா பேசாததுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே பேசினாள். பேசினாள் என்றால், சண்டைக்குக் கூப்பிட்டாள். "வா. வந்து பாரு. எங்க கலீஜ் கீதுன்னு உன் கண்ணால காட்டு."

போனேன். கூடத்துக்குப் பின்னால் வெயிலில் புதுக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து வாங்கி வந்து உரித்த, இன்னும் ஈரம் போகாத பருப்பு. அதன்மேல் ஒளி ஊடுருவுகிற பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா ஷீட்டின்மேல் ஒரு விரலால் கோடு இழுத்தாள். விரல் சாம்பல் நிறமாக வந்தது. அனல்மின் நிலையம் இருக்கிற அத்திப்பட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் குப்பத்தில் காயப்போட்ட வெள்ளைத் துணிகூட அப்படித்தான் ஆகும்.

"பாத்தியா? இந்தச் சாம்பல் கடலைல வுயக் கூடாதுன்னுதான் இம்மாம் வேல. வெய்யிலு உள்ள போவும், தூசி போவாது. இதுக்கு மேல இன்னாடி சுத்தம் வோணும் உன் ஆபீசுக்கு?"

நான் அவள் விரலைப் பார்க்கவில்லை. ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. காற்றில் ஷீட் அசைந்தபோதெல்லாம் அது கடலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. கவுத்து வை, கவுத்து வை என்று மேடத்தின் குரல் காதில் கேட்டது. எங்கள் ஆய்வகத்து மூடியேதான். தட்டு மட்டும் கூடத்துக் கொல்லை அளவுக்கு இருந்தது. இளஞ்சூடு, ஈரம், எண்ணெய்ப் பருப்பு. பூஞ்சைக்கு நானே விருந்து வைத்தாலும் இத்தனை கவனமாக வைத்திருக்க மாட்டேன்.

ஒரு கல்லைத் தள்ளிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து ஷீட்டுக்கு அடியில் விட்டேன். அவள் கையை எடுக்கவில்லை. முகம் மாறியது.

"புயுங்குது" என்றாள்.

"கருவாட்டை இப்டி மூடிக் காயவைப்பியா?"

"அய்யே, புயு வெச்சிடும். காத்தாட வைக்கணும்."

"அப்ப கடலையை ஏம்மா மூடின?"

அம்மா என்னை முறைத்தாள். பிறகு ஷீட்டின்மேல் படிந்த சாம்பலைப் பார்த்தாள். "கொயந்த துன்றதாச்சேடி" என்றாள்.

 சோம்பலால் கெட்ட கடலையை எத்தனையோ பார்த்திருக்கிறேன், பேராசையால் கெட்டதையும் பார்த்திருக்கிறேன். சுத்தத்தால் கெட்ட கடலையை அன்றுதான் பார்த்தேன். சாம்பல் விழுகிற ஊரில், பிள்ளைகள்மேல் உசிரை வைத்திருக்கிற பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர்களைக் குறைசொல்ல வந்தவள்போல நின்றுகொண்டிருந்த எனக்கு, அவர்களை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் அம்மா தப்புச் செய்தாலும் அதில்கூட ஒரு கௌரவம் இருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அப்பாவின் பழைய வலைகளைச் சவுக்குக் கழிகளில் இழுத்துக் கட்டி, இடுப்பளவு உயரத்தில் பரண் மாதிரி செய்தார்கள். கடலை விழாதபடி வலைமேல் சன்னக் கண்ணி வலை ஒன்றை இரட்டையாக விரித்தார்கள். சாம்பலுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்தபோது எனக்கு என் தேங்காய்ப்பால் வடிகட்டுகிற துணி ஞாபகம் வந்தது. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து மேலே பந்தல் மாதிரி கட்டச் சொன்னேன். தூசியை நிறுத்தும், ஆவியை விடும். வீடு வீடாக வேட்டி வசூல். "எம் புருசன் வேட்டிய அவுத்துகினு போறியே, நாளைக்கு இன்னாத்த கட்டிகினு போவாரு?" என்று ஒருத்தி கத்த, "கெடக்கட்டும், அவரு எங்க போறாரு?" என்று இன்னொருத்தி சொல்ல, கொல்லை முழுக்கச் சிரிப்பு. குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன அந்த அக்காதான் முதல் வேட்டியைக் கொண்டுவந்தவள். அம்மா கடலையைக் கையில் தேய்த்துப் பார்ப்பாள், கடித்துப் பார்ப்பாள். சடக்கென்று உடைகிறவரை உள்ளே எடுக்க விடவில்லை. சூடு ஆறுகிறவரை டப்பாவில் போடவும் விடவில்லை.

அந்தக் கடலை மறுபடி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. இந்தத் தடவை நான் கிட்டேயே போகவில்லை. பயிற்சிக்கென்று மேடம் தோஸ்துவை என்னோடு கொஞ்சநாளாகவே இருட்டறையில் உட்கார வைத்திருந்தார், அவன் கண்ணும் பழகியிருந்தது. தட்டு மட்டும் நான் ஊற்றியது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். தட்டுகளை அவன் உள்ளே எடுத்துக்கொண்டு போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கழுவின குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவன் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னாடா?"

"பேஜாரா கீது தோஸ்து. கண்ணு டாக்டராண்ட போவணும் போல. எம்மாம் நேரம் பாத்தும் ஒண்ணுமே தெரில."

"விளக்கு எரிஞ்சதா?"

"வெளக்கு செரியான்னு பாக்க நம்ம வெச்சிருக்கிற கள்ளன் தட்டு சோக்கா எரிஞ்சிது. மத்தது எல்லாம் இருட்டு." அதற்குமேல் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன். கையிலிருந்த ஈரத் துணியால் அவனை ஒன்று வைத்தேன். மேடம் தன் அறையிலிருந்து, "அங்க என்ன சத்தம்?" என்றார். பிறகு வெளியே வந்து தட்டை அவரும் பார்த்துவிட்டு, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

மாவு வூடு திறந்தது. அதற்கப்புறம் அந்தப் பரணைப் பார்க்க மற்றக் குழுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அம்மாவும் என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் அந்தத் தட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெருமையா, மனத்தாங்கலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. இது எங்கம்மா கட்டுன முடிச்சு என்று மேடத்திடம் நிமிர்ந்து பேசினவள், அம்மாவிடம் கேட்கப் பயந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் திருவொற்றியூர்க் குழுவிலிருந்து சில பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா வேட்டிப் பந்தலுக்கு அடியில் நின்று, எங்கே காற்று வர வேண்டும், கடலையை எப்போது புரட்ட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அவர்களுக்கு டீ வாங்கி வந்து ஓரமாக நின்றேன். என்னை அவர்களுக்குத் தெரியாது. அதில் வயதான ஒரு பெண் பரணைத் தடவிப் பார்த்துக்கொண்டே அங்கலாய்த்தாள்.

"இம்மாம் சுத்தமா செய்றீங்க. உங்க கடலையப் போயி வெஷம்னு எய்திட்டாளாமே ஒருத்தி, ஆபீஸ்ல குந்திகினு. கை கூசல அவளுக்கு? நல்லா இருப்பாளா அவ?"

 குழாயடி அக்கா என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

அம்மா கடலை புரட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். சடக்கென்று உடைந்தது.

"நல்லா இருப்பா" என்றாள். "அவ நான் பெத்த பொண்ணு."